வீட்டிலேயே சக்கரம் கழற்றி டயர் மாற்றுவது: ஸ்பிளெண்டர், பல்சர் 150

#1 | வெள்ளை_ஸ்பிளெண்டர்

வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று பழைய ஸ்பிளெண்டர்: இரண்டு பக்கமும் டிரம், ஸ்போக் ரிம், டியூப், 2.75-18. இன்னொன்று பல்சர் 150: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அலாய், டியூப்லெஸ், முன் 80/100-17, பின் 100/90-17. நான்கு டயரும் மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் இரண்டிலும் உண்டு. ரிங் ஸ்பேனர் செட், சுத்தி, 2 டயர் லீவர் கையில் இருக்கிறது.

கேள்வி இதுதான்: எதுவரை வீட்டில் செய்யலாம், எதைக் கடையில் கொடுப்பது? பின் சக்கரத்துக்குச் செயினைக் கழற்ற வேண்டுமா? வீடியோக்களில் ஆளுக்கொரு முறை காட்டுகிறார்கள்.

#2 | பிஞ்ச்போல்ட்

சக்கரத்தைக் கழற்றுவது இரண்டு வண்டியிலும் வீட்டு வேலைதான். வித்தியாசம் டயரில். ஸ்பிளெண்டரின் டியூப் டயரை லீவர் போட்டு வீட்டிலேயே மாற்றலாம். பல்சருக்குச் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். காரணத்தை டயர்க்காரர்கள் யாராவது வந்து எழுதுவார்கள், நான் வண்டிப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கருவி: 17, 19, 22, 24 ரிங் ஸ்பேனர். நட் அளவு மாடலுக்கு மாடல் மாறும், முதலில் உங்கள் நட்டில் போட்டுப் பாருங்கள். ஆக்ஸிலை (சக்கரத்தின் நடுவே போகும் அச்சுக் கம்பியை) தட்ட நைலான் சுத்தி, கடைசியில் தள்ளி எடுக்க ஒரு பித்தளைக் கம்பி. இரும்புச் சுத்தியால் ஆக்ஸில் முனையில் நேராக அடித்தால் மரை விரிந்துவிடும், அப்புறம் நட் ஏறாது. வேறு வழியில்லை என்றால் நட்டை முனை மட்டம் வரை திரும்ப ஏற்றி, மேலே மரக்கட்டை வைத்து அடியுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம்.

வண்டியை நிறுத்துவது: சமதளம், சென்டர் ஸ்டாண்ட். பின் சக்கரத்தை எடுத்தால் எடை முன்னால் சாயும், வண்டி முன் சக்கரத்தில் நிற்கும். முன் பிரேக் லீவரை ரப்பர் பேண்டால் கைப்பிடியோடு இழுத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் ஆக்ஸிலைத் தட்டும் அதிர்வில் வண்டி ஸ்டாண்டிலிருந்து முன்னே இறங்கிவிடும். கியரில் போட்டு வைப்பதால் பயனில்லை, பின் சக்கரமே இல்லாதபோது கியர் எதைப் பிடிக்கும்?

ஸ்டாண்டுக்கு அடியில் 2 அங்குலப் பலகை ஒன்று வைத்தால் மட்கார்டுக்குக் கீழே சக்கரம் தாராளமாக வெளியே வரும். பலகை ஸ்டாண்டின் இரண்டு காலையும் தாங்கும் அகலத்தில், ஒரே துண்டாக இருக்க வேண்டும். தனித்தனிச் செங்கல் ஆபத்து.

#3 | திருச்சி_ஸ்பேனர்

பின் சக்கரம், டிரம் பிரேக். இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே வரிசை:

1. பிரேக் ராடின் நுனியில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டைக் கழற்றுங்கள். எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் ராடு பிரேக் ஆர்மிலிருந்து விலகும். ஸ்பிரிங், உருளைப் பின், நட் மூன்றையும் உடனே ராடிலேயே திரும்ப மாட்டி வையுங்கள். தொலைவது பெரும்பாலும் அந்த உருளைப் பின்தான்.

2. பிரேக் பிளேட்டையும் (டிரம்மை மூடும், ஷூ பொருத்திய தட்டு) ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இணைக்கும் டார்க் ராடு. ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டையும் போல்ட்டையும் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள்.

3. ஆக்ஸில் நட். எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள்.

4. சக்கரத்தின் எடையை ஒரு காலால் அடியில் தாங்கிக்கொண்டு ஆக்ஸிலை உருவுங்கள். தாங்கினால் கையாலேயே வந்துவிடும். தாங்காமல் அடித்தால் எடை முழுதும் ஆக்ஸில் மேல் இருக்கும், எவ்வளவு அடித்தாலும் பிடிக்கும்.

5. பிரேக் பக்கம் புஷ் ஒன்று, அதாவது ஆக்ஸில் மேல் ஏறும் சின்ன இடைக்குழாய், கீழே விழும். அகலம் ஒன்றானாலும் பல புஷ்களில் ஒரு பக்கம் விளிம்பு இருக்கும், திசை முக்கியம். விழுவதற்கு முன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

6. சக்கரத்தை வலப்பக்கம் இழுங்கள். பல்சக்கரத்தோடு பிடித்திருக்கும் டேம்பர் ரப்பரிலிருந்து விலகி வரும். பிரேக் பிளேட் ஷூவோடு தனியாகக் கழன்றுவிடும்.

மட்கார்டில் டயர் இடித்தால் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள், எப்படியும் மாற்றப்போகும் டயர்தானே.

#4 | வெள்ளை_ஸ்பிளெண்டர்

நன்றி சார். செயின் பக்கம் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நட் இருக்கிறது, வெளியே சின்னது, உள்ளே பெரியது. இரண்டையும் கழற்ற வேண்டுமா?

#5 | திருச்சி_ஸ்பேனர்

பெரியதைத் தொடவே வேண்டாம். அதுதான் ஸ்லீவ் நட். பல்சக்கரம் உட்கார்ந்திருக்கும் ஹப்பை ஸ்விங் ஆர்மோடு பிடித்துவைப்பது அது. ஆக்ஸில் அதன் நடு ஓட்டை வழியாகப் போகிறது. சின்ன நட்டை மட்டும் கழற்றி ஆக்ஸிலை உருவினால் சக்கரம் மட்டும் வெளியே வரும், பல்சக்கரமும் செயினும் இருந்த இடத்திலேயே நிற்கும். செயின் கவர் கழற்ற வேண்டாம், செயின் லாக் பிரிக்க வேண்டாம். வழியில் பஞ்சர் ஆனாலும் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும் என்றுதான் இந்த அமைப்பே.

அதே மாதிரி செயின் அட்ஜஸ்டர் நட்களையும் தொடாதீர்கள். தொடவில்லை என்றால் செயின் தொய்வும் சக்கர நேரும் முன்பு இருந்தபடியே திரும்ப வரும்.

ஸ்லீவ் நட் இல்லாத வண்டிகளில் பல்சக்கரம் சக்கரத்தோடு சேர்ந்து வரும். அதற்கு அட்ஜஸ்டர்களை இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினைப் பல்லிலிருந்து வெளியே எடுத்துப் போட்டால் போதும். அங்கேயும் லாக் பிரிக்கத் தேவையில்லை. எந்தக் காரணத்துக்காவது பிரித்திருந்தால், திரும்பப் போடும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

#6 | பிஞ்ச்போல்ட்

முன் சக்கரம்.

இதில் வண்டியை நிறுத்துவதுதான் கவனமான வேலை. சக்கரம் போனதும் ஃபோர்க் முனை தரையில் குத்தும். எஞ்சினுக்குக் கீழே சேசிஸ் குழாய்க்கு அடியில் பலகையும் சின்ன ஜாக்கியும் வையுங்கள். ஆயில் டிரெயின் போல்ட் மேலோ, சைலன்சர் குழாய் மேலோ ஜாக்கி நிற்கக் கூடாது. ஜாக்கி இல்லாவிட்டால் பின் கேரியரில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி முன்பக்கத்தைத் தூக்கலாம். ஆனால் ஆக்ஸில் நட்டை எடை ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் திருப்பு தளர்த்திவிடுங்கள்.

ஸ்பிளெண்டர்: பிரேக் கேபிள், ஸ்பீடோ கேபிள் இரண்டையும் பிரித்து, நட் கழற்றி ஆக்ஸிலை உருவ வேண்டியதுதான். இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் (ஒரு பெடலில் இரண்டு பிரேக்கும் பிடிக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சிபிஎஸ் உள்ள டிரம் மாடலில் பின் பிரேக் பெடலிலிருந்து முன் டிரம்முக்கு இணைப்பு வரும். அதையும் பிரிக்க வேண்டும், மாட்டிய பிறகு அதற்கும் தனியாக இடைவெளி சரி பார்க்க வேண்டும்.

பல்சர்: காலிப்பரை (பேடுகளால் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) கழற்றவே வேண்டாம், டிஸ்க் தானாக நழுவி வெளியே வரும். வந்ததும் பேடுகளுக்கு நடுவே 4–5 மில்லிமீட்டர் தடிமனில் மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், அப்புறம் டிஸ்க் நுழையாது. கழற்றிய சக்கரத்தை டிஸ்க் கீழே இருக்கும்படி படுக்க வைக்காதீர்கள். ஏபிஎஸ் மாடல் என்றால் டிஸ்க் அருகில் பல்பல்லாக ஒரு வளையம் இருக்கும். டயர் லீவரின் தலை அதில் பட்டு ஒரு பல் வளைந்தாலும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

#7 | மதுரை_டயர்கடை

டியூப் டயர் முறை. இதைப் புரிந்துகொண்டால் பலம் தேவையில்லை.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடும். டயரின் ஓரத்தில் இருக்கும் பீட், அதாவது உள்ளே கம்பி ஓடும் விளிம்பு, நீளாது. ஒரு பக்கம் பீட் பள்ளத்துக்குள் இறங்கினால்தான் எதிர்ப்பக்கம் ரிம் விளிம்பைத் தாண்ட இடம் கிடைக்கும். லீவர் கல் மாதிரி நிற்கிறது என்றால் உங்கள் கையில் பலம் குறைவு என்று அர்த்தமில்லை, எதிர்ப்பக்கம் பீட் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் இரும்புக் குழாய் மாட்டி நெம்பினால் பீட் கம்பி அறும், இல்லை ரிம் வளையும்.

கழற்ற: வால்வ் பின்னை எடுத்துக் காற்றை முழுதும் இறக்குங்கள். வால்வ் நட்டை எடுத்து வால்வைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். சக்கரத்தைப் பழைய டயர் ஒன்றின் மேல் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மிதித்து பீட்டை ரிம்மிலிருந்து விடுவியுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக. வால்வ் பக்கத்தில் லீவரைப் போட்டு, எதிர்ப்பக்கத்தை முட்டிக்காலால் பள்ளத்துக்குள் அழுத்துங்கள். ஒரு முறைக்கு 4–5 சென்டிமீட்டர் மட்டும். 2 லீவர் போதாது, 3 வேண்டும்: இரண்டு பிடித்து நிற்க, மூன்றாவது நகரும். வால்வ் பக்கம் ஏன் தொடங்குகிறோம் என்றால், அந்த இடத்தில் வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும், பீட் அங்கே இறங்க முடியாது. இறங்க முடிந்த பக்கம் எதிரே இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் வந்ததும் டியூப்பை உருவுங்கள், பிறகு இரண்டாம் பீட்டையும் அதே பக்கமாக எடுங்கள்.

இப்போது ரிம்மைப் பாருங்கள். ரிம் டேப் (ஸ்போக் முனைகள் டியூப்பைக் குத்தாமல் மறைக்கும் பட்டை) கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்போக் முனை நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்) தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். துரு இருந்தால் எமரித் தாளால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். பழைய டயரின் உட்புறத்தில் துணியால் ஒரு சுற்று தடவினால் ஆணி நுனி எங்கே இருந்தது என்று தெரியும். புது டயர் போடும்போது டியூப்பும் புதிது. பழைய டியூப் நீண்டு போயிருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பு தேய்ந்து சில மாதத்தில் பஞ்சர். டியூப் விலையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண்.

மாட்ட: டயரின் பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை. முதல் பீட் பெரும்பாலும் கையாலேயே ஏறும். டியூப்பில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று, மேலே டால்க் பவுடர், உள்ளே வைத்து வால்வை ஓட்டையில் விட்டு நட்டை இரண்டு மரை மட்டும். இரண்டாம் பீட்டை வால்வுக்கு எதிரில் தொடங்கி, வால்வில் முடியுங்கள். கடைசி 15 சென்டிமீட்டரில்தான் டியூப் கடிபடும். லீவர் முனை உள்ளே ஆழமாகப் போகக் கூடாது, பீட்டைப் பிடிக்கும் அளவு போதும். முடித்ததும் வால்வை உள்ளே தள்ளி, திரும்ப இழுங்கள். தடையில்லாமல் போய் வந்தால் பீட்டுக்கு அடியில் டியூப் மாட்டவில்லை.

காற்று ஏற்றி, முழுதும் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். முதல் தடவை விழுந்த மடிப்பு இரண்டாம் தடவையில் சரியாகும்.

#8 | டார்க்_மீட்டர்

நல்ல விளக்கம். வால்வ் நட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதை ரிம்மோடு இறுக்கி வைக்கிறார்கள், அது தவறு. டயர் ரிம்மில் கொஞ்சம் நழுவினால் டியூப்பும் கூட நகரும். நட் இறுகியிருந்தால் வால்வ் சாய முடியாமல் அடியோடு கிழியும், ஓட்டத்திலேயே காற்று மொத்தமாகப் போகும். நட்டை மேலே ஏற்றி மூடியோடு ஒட்டி வைத்தால், டயர் நழுவும்போது வால்வ் சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கித் திருப்பி நேராக்கிவிடலாம்.

#9 | ரிம்டேப்

சோப்புத் தண்ணீருக்குப் பதில் டீசல், பழைய ஆயில், கிரீஸ் தடவச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. ரப்பர் ஊறிப் பருக்கும், பீட் ரிம்மில் வழுக்கும், டிரம்முக்குள் சொட்டினால் பிரேக்கும் போச்சு. பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் குழைத்தாலே போதும், காய்ந்ததும் பிடிப்பு வந்துவிடும்.

#10 | கொக்குவில்_சிடி100

இஞ்ச யாழ்ப்பாணத்தில சிடி100 தான் கூட. முன் ரயர் 2.75-17, பின் 3.00-17. மேல சொன்ன முறை அப்பிடியே பொருந்தும் அண்ணை. பூட்டேக்க ஒரு விசயம் ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை: முன் சில்லில, பிரேக் பிளேற்றில இருக்கிற வெட்டு ஃபோர்க் காலில இருக்கிற கட்டைக்குள்ள சரியா இருக்கவேணும். அது இருக்காமல் அக்சிலை இறுக்கிப்போட்டு ஓடினால், முதல்தரம் பிரேக் பிடிக்கேக்க பிளேற் சில்லோட சேர்ந்து சுத்தும், கேபிளை இழுத்துச் சுருட்டி முன் சில்லு பூட்டிப்போடும். ஆள் விழுறது நிச்சயம். ரயர் மாத்திற ஆக்கள் எல்லாரும் இதை வெளிச்சத்தில குனிஞ்சு பாக்கவேணும், கையால தடவிப் பாத்தால் போதாது.

#11 | பிஞ்ச்போல்ட்

கொக்குவில் நண்பர் சொன்னதுதான் இந்த இழையிலேயே மிக முக்கியமான வரி. பின் சக்கரத்தில் அதே வேலையைச் செய்வது டார்க் ராடு. அதை மாட்ட மறந்தாலோ, ஸ்பிளிட் பின் இல்லாமல் விட்டாலோ அதே கதிதான். கழற்றும்போது நடக்கும் தவறு நேரத்தைத்தான் வீணாக்கும், மாட்டும்போது நடக்கும் தவறு ஆளைத் தள்ளும். ஆகவே மாட்டும் வரிசையைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில், சக்கரம் வெளியே இருக்கும்போதே: பேரிங்கில் விரல் விட்டுத் திருப்புங்கள். கரகரவென்றோ தட்டித் தட்டியோ சுற்றினால் இரண்டு பக்கப் பேரிங்கும் மாற்ற வேண்டும். மாற்றுகிறவர் நடுவில் இருக்கும் இடைக்குழாயைத் திரும்பப் போட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஆக்ஸிலை இறுக்கினால் பேரிங்கின் உள்வளையம் பக்கவாட்டில் அழுந்தி சீக்கிரமே போய்விடும். டேம்பர் ரப்பர் நசுங்கியிருந்தால் செட்டாக மாற்றுங்கள். பல்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்று ஆடுவது அதனால்தான். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

ஆக்ஸிலில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். மரையில் வேண்டாம்.

பின் சக்கரம்: பிரேக் பிளேட்டை டிரம்மில் வைத்து, சக்கரத்தை டேம்பர் ரப்பருக்குள் தள்ளி, காலால் தூக்கித் துளைகளை நேராக்கி, புஷ் சரியான திசையில் இருக்க, ஆக்ஸிலை விடுங்கள். ரப்பருக்குள் முழுதும் போகாவிட்டால் புஷ்ஷுக்கு இடம் கிடைக்காது. அப்போது புஷ்ஷைச் சுத்தியால் திணிக்காமல் சக்கரத்தை மறுபடி அசைத்துத் தள்ளுங்கள். நட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். டார்க் ராடை மாட்டுங்கள், அதையும் தளர்வாக. பிரேக் ராடை மாட்டி, பழைய மரை எண்ணிக்கைக்கு நட்டைக் கொண்டுவாருங்கள். சக்கரத்தைச் சுற்றி, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆக்ஸில் நட்டை இறுக்குங்கள். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் உட்காரும், பிடிப்பு கூடும். அதன் பிறகு டார்க் ராடு, புது ஸ்பிளிட் பின். பழையதை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

முன் டிரம்முக்கும் இதே முறை, லீவரைப் பிடித்துக்கொண்டு இறுக்குவது. ஸ்பீடோ கியரின் நாக்கு ஹப்பின் வெட்டுக்குள் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போது நசுங்கும், மீட்டர் ஓடாது. பல்சர் டிஸ்க்கில் விரல் படாமல் வையுங்கள், பட்டால் பிரேக் கிளீனரால் துடையுங்கள். சக்கரம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் முன் லீவரைப் பல தடவை அழுத்துங்கள். பிஸ்டன் கொஞ்சம் பின்னால் போயிருக்கும், முதல் அழுத்தங்கள் காலியாகத்தான் போகும். இதை வாசல் கேட்டைத் தாண்டிய பிறகு கண்டுபிடிக்கக் கூடாது.

#12 | டார்க்_மீட்டர்

இறுக்கும் அளவு: 100–150 சிசி வண்டிகளில் ஆக்ஸில் நட்டுக்குப் பொதுவாக 45 முதல் 70 நியூட்டன் மீட்டர். உங்கள் மாடலின் எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்கள் கணக்கு போடலாம்: 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ இழுப்பு ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர். ஒரு கை முழுப் பலம், உடம்பு எடை போடாமல். ஸ்பேனர் மேல் ஏறி நிற்பவர்கள் இதைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுக்கிறார்கள்.

நைலான் வளையம் உள்ள நட் கையாலேயே கடைசிவரை ஏறினால் அதன் வேலை முடிந்தது, புதிது வாங்குங்கள்.

பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் காலியாக நகரும் தூரம் பின் பெடலில் 20–30 மில்லிமீட்டர், முன் டிரம் லீவர் நுனியில் 10–20 மில்லிமீட்டர் வைத்தால் சரியாக இருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் ஷூ உரசும் ஓசை இடைவிடாமல் வரக் கூடாது.

#13 | மதுரை_டயர்கடை

பல்சர் டியூப்லெஸ் பாக்கி. ஏன் கடை என்றால், காரணம் மூன்று.

டியூப்லெஸ் பீட் ரிம்மின் மேட்டைத் தாண்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், மிதித்தால் விடாது. இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டால் அழுத்தி விடுவிப்பவர்கள் உண்டு, அகலமான ஜி-கிளாம்ப் போட்டும் விடுவிக்கலாம். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டாண்ட் நழுவினால் அலாயில் பள்ளம் விழும்.

அடுத்தது, பீட்டின் ஓரத்தில் இருக்கும் மென்மையான ரப்பர்தான் காற்றை அடைக்கிறது. லீவரால் அது ஒரு இடத்தில் கிழிந்தாலும் மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். அலாய் விளிம்பில் விழும் கீறலும் அதே வேலையைச் செய்யும். வீட்டில் செய்தே தீருவேன் என்பவர்கள் பழைய ஆயில் டப்பாவின் பிளாஸ்டிக்கை வெட்டி ரிம் விளிம்பில் செருகி, அதன் மேல் லீவரைப் போடுங்கள்.

மூன்றாவது, உட்கார வைப்பது. கால் பம்பு காற்று போதாது, பீட்டுக்கும் ரிம்முக்கும் இடையில் ஏற்றுவதைவிட வேகமாக வெளியே போகும். வால்வ் பின்னை எடுத்துவிட்டு கம்ப்ரசரால் ஒரே மூச்சில் ஏற்றினால் டப், டப் என்று இரண்டு சத்தம் வரும், அப்போது பின்னைப் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் டயரின் நடுவில் சுற்றி ஒரு ராட்செட் பெல்ட்டை இறுக்கினால் பீட் வெளிப்பக்கம் விரியும். 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள். உட்காரவில்லை என்றால் இறக்கி, சோப்பு தடவி, மறுபடி. பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து உட்காரவைக்கும் வித்தையை வீட்டு முற்றத்தில் யாரும் செய்ய வேண்டாம்.

உட்கார்ந்ததா என்று பார்க்க: ரிம் விளிம்பை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அதற்கும் ரிம்முக்கும் இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் வண்டி குதிக்கும்.

கடையில் கொடுக்கும்போது ரப்பர் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். அடியில் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும், விலை ஒரு டீ, வடை அளவுதான்.

#14 | ரிம்டேப்

டியூப்லெஸ் டயரை ஸ்பிளெண்டர் ஸ்போக் ரிம்மில் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே: டியூப்போடு போடலாம். டியூப் இல்லாமல் கூடாது, ஒவ்வொரு நிப்பிள் ஓட்டை வழியாகவும் காற்று போகும். டிடி என்று அச்சிட்ட டியூப் டயரை அலாய் ரிம்மில் டியூப் இல்லாமல் போடுவது அதைவிட மோசம், உள்ளே காற்று அடைக்கும் படலமே அதில் கிடையாது.

#15 | வெள்ளை_ஸ்பிளெண்டர்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக மூன்று: டயர் வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் எது? வீல் பேலன்சிங் தேவையா? டயரில் மஞ்சள் புள்ளி எதற்கு?

#16 | மதுரை_டயர்கடை

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. இரண்டு மூன்று வருடம் ஷெல்ஃபில் கிடந்ததை அதே விலைக்கு வாங்காதீர்கள். அளவுக்குப் பின்னால் வரும் 46P போன்றதில், 46 என்பது 170 கிலோ சுமை, P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர். பல்சர் பின் டயருக்கு 55, அதாவது 218 கிலோ. உங்கள் பழைய டயரில் இருந்ததற்குக் குறைவாக வாங்கக் கூடாது.

மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம். ஸ்பிளெண்டருக்குப் பேலன்சிங் அவசியமில்லை. பல்சரில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கைப்பிடி நடுங்கினால் மட்டும் பாருங்கள், ரிம்மில் ஒட்டும் சின்ன எடை போதும். பழைய எடையைப் புது டயருக்கும் அதே இடத்தில் விடாதீர்கள், முதலில் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

காற்று: பல்சருக்கு முன் 25, பின் தனியாக 28, இரண்டு பேருக்கு 32 பிஎஸ்ஐ. ஸ்பிளெண்டருக்கு வண்டியிலேயே இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும்.

#17 | திருச்சி_ஸ்பேனர்

முதல் 100–150 கிலோமீட்டர் புது டயரின் மேற்பரப்பு வழுக்கலாக இருக்கும், வளைவில் சாய்க்காதீர்கள், மழையில் இரட்டிப்பு கவனம். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸில் நட், டார்க் ராடு நட் இரண்டிலும் ஸ்பேனர் வைத்து ஒரு தடவை பாருங்கள். ஸ்போக் ரிம் என்றால் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். எல்லாம் கணீரென்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. அதை நீங்களே இறுக்க வேண்டாம், ரிம் கோணிவிடும், வீல் அலைன்மென்ட் தெரிந்தவரிடம் கொடுங்கள்.